பைக்கில் போகும்போது திடீர் மழை.. செல்போனை எங்கே வைப்பது? 'வாட்டர்ப்ரூஃப்' போனை நம்பலாமா? முழு விவரம்

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆண்டு முழுவதும் மாநிலத்துக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். சாயங்காலம் ஆபீஸ் விட்டுக் கிளம்பும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்.

நடுரோட்டில் பைக்கோடு மாட்டிக்கொண்டவரின் கை முதலில் போவது பாக்கெட்டுக்குத்தான். "நான் நனைஞ்சா தலையைத் துவட்டிக்கலாம், போன் நனைஞ்சா என்ன பண்றது?" என்ற கவலை நியாயமானது. வங்கிக் கணக்கு, யுபிஐ, ஓடிபி, டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸ், ஆர்சி புக் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. டெலிவரி வேலை பார்ப்பவர்களுக்கோ அன்றைய சம்பளமே அதில்தான்.

"ஐபி68 போன் வாங்கிட்டா பிரச்சினை இல்லையே?" என்று கேட்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. விலை உயர்ந்த போனை விட சில ரூபாய் ஜிப் கவர் அதிகம் உதவும் இடங்கள் உண்டு. போன் கெட்டுப்போவதும் பல நேரம் மழையில் அல்ல, வீட்டுக்கு வந்த பிறகு நாம் செய்யும் ஒரு வேலையால். என்ன அது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நின்று நனைவதும் ஓட்டிக்கொண்டே நனைவதும் ஒன்றா?

இல்லை. பெரிய மழைத்துளி ஒன்று கீழே விழும் வேகம் நொடிக்கு சுமார் 9 மீட்டர். அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போன் பார்த்தால் துளி இந்த வேகத்தில்தான் விழும்.

அதே மழையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஓட்டினால்? உங்கள் வேகமும் துளியின் வேகமும் சேர்ந்து, சுமார் 68 கிலோமீட்டர் வேகத்தில் அது போனில் மோதும். அதுவும் தலைக்கு மேலிருந்து அல்ல, முன்னாலிருந்து சாய்வாக. வைசரைத் தூக்கிவிட்டு மழையில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். முகத்தில் ஊசி குத்துவது மாதிரி இருக்கும்.

ஹேண்டில்பாரில் மாட்டிய போன் இந்த அடியை அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தொடர்ந்து வாங்குகிறது. ஸ்பீக்கர் துளை, மைக் துளை, சார்ஜிங் போர்ட் என்று எந்த வழி கிடைத்தாலும் தண்ணீர் உள்ளே போகப் பார்க்கும்.

இது போதாதென்று, முன்னால் போகும் லாரியும் பஸ்ஸும் வாரி இறைக்கும் தண்ணீர் வேறு. அது மழைநீர் அல்ல. மண், ஆயில், சாக்கடை எல்லாம் கலந்த சேறு. போனுக்கு மழையை விடப் பெரிய எதிரி இதுதான்.

ஐபி68 என்றால் என்ன?

போன் பெட்டியில் ஐபி54, ஐபி67, ஐபி68 என்று போட்டிருப்பார்கள். ஐஇசி 60529 என்ற சர்வதேச தரநிலைப்படி கொடுக்கப்படும் குறியீடு இது. முதல் எண் தூசுக்கானது. 6 என்றால் தூசு உள்ளே போகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கானது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். சோதனையில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சுவார்கள். 6 என்றால் அதைவிடப் பலமான பீய்ச்சல், நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம். 8 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை நிறுவனமே சொல்ல வேண்டும். ஆப்பிள் தன் ஐபோன் 12 முதல் பல மாடல்களுக்கு 6 மீட்டர், 30 நிமிடம் என்கிறது. சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசைக்கு 1.5 மீட்டர், 30 நிமிடம். இரண்டுமே ஐபி68 தான்!

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. எண் பெரிதாகப் போனால் கீழே உள்ளதெல்லாம் தானாகவே அடங்கிவிடும் என்று நினைக்கிறோம். 6 வரைக்கும் அது சரி. 7, 8 வேறு கணக்கு. அவை அசையாத தண்ணீரில் மூழ்கவைக்கும் சோதனைகள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்குமா என்பதை அவை சொல்வதில்லை. மூழ்குவதையும் பீய்ச்சுவதையும் தாங்கும் என்றால் ஐபி66/ஐபி68 என்று இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதுதான் விதி. அண்மையில் சில போன்களில் ஐபி69 என்று வருகிறதே, அது 80 டிகிரி சூட்டில், அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீருக்கான சோதனை.

பைக்கில் போகும்போது போன் சந்திப்பது எதை? மூழ்குவதை அல்ல, முகத்தில் அடிப்பதை. அதனால், நீச்சல் குளத்தில் விழுந்து பிழைத்த போன் பூந்தமல்லி நெடுஞ்சாலை மழையிலும் பிழைத்துவிடும் என்று அந்த எண் உறுதி கொடுக்கவில்லை.

இன்னொன்று, இந்தச் சோதனைகள் எல்லாம் ஆய்வுக்கூடத்தில், நல்ல தண்ணீரில், புத்தம் புது போனில் நடப்பவை. கடைக்காரர் "சார், இது வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லியிருப்பார். வாரண்டி அட்டையில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பழைய போன், டிஸ்ப்ளே மாற்றிய போன் வைத்திருக்கிறீர்களா?

போனுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. திரையைச் சுற்றியும் பின்பக்கக் கண்ணாடியைச் சுற்றியும் ஒரு பசை விளிம்பு, சிம் ட்ரேயில் ஒரு சின்ன ரப்பர் வளையம், ஸ்பீக்கர் துளையில் நுண்ணிய வலை. அவ்வளவுதான்.

போன் இரண்டு முறை கீழே விழுந்தால் பசை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி வரும். வெயிலில் சூடாகிக் குளிர்ந்து, நாளடைவிலும் அந்தப் பசை தளரும். தண்ணீரைத் தாங்கும் திறன் நிரந்தரமானது அல்ல, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையலாம் என்று போன் நிறுவனங்களே எழுதி வைத்திருக்கின்றன.

டிஸ்ப்ளேவோ பேட்டரியோ மாற்றிய போன் என்றால், பெட்டியில் இருந்த ஐபி எண்ணை மறந்துவிடுங்கள். போனைத் திறக்கும்போது அந்தப் பசை பிய்ந்துவிடும். புதுப் பசை போட்டு, அழுத்தி, சோதித்துத் தரும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு. அவசரத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் வாங்கி வரும் இடத்தில் அதெல்லாம் நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திரையின் ஓரத்தில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான்.

சரி, போனை எங்கேதான் வைப்பது?

பேண்ட் பாக்கெட் வேண்டாம். ரெயின்கோட் போட்டிருந்தாலும் பைக்கில் உட்காரும்போது மடியில் ஒரு பள்ளம் உண்டாகும். அங்கே தண்ணீர் தேங்கி, பொத்தான் இடைவெளி வழியாக உள்ளே இறங்கும். பத்து நிமிடத்தில் தொடை நனைந்துவிடும், கூடவே பாக்கெட்டும்.

ரெயின்கோட்டின் வெளிப் பாக்கெட்டும் நம்பத் தகுந்தது அல்ல. துணி தண்ணீர் விடாது. ஆனால் தையல் ஊசி போட்ட ஓட்டைகளும் ஜிப்பும் விடும். தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. விலை குறைந்த கோட்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது.

முதுகில் மாட்டும் பையா? பைக்கு ரெயின் கவர் போட்டாலும் அது மூடுவது வெளிப்பக்கத்தை மட்டும்தான். உங்கள் முதுகை ஒட்டியிருக்கும் பக்கம் திறந்தே இருக்கும். ஹெல்மெட்டில் இருந்து வழியும் தண்ணீர் முதுகு வழியாக இறங்கி அந்தப் பக்கத்தை ஊறவைக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கி ஓரளவு நல்ல இடம். ஆனால் அங்கே இன்ஜின் சூடு இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்கினால் கீழிருந்து நீர் ஏறவும் வாய்ப்பு உண்டு. துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பேனரோடு மோதி உருண்டுகொண்டே வரும்.

இருப்பதில் சிறந்தது, ரெயின்கோட்டுக்கு உள்ளே, மேல்சட்டையின் உள் பாக்கெட் அல்லது இடுப்பில் கட்டும் சின்னப் பை. அதிலும் போனை அப்படியே வைக்கக் கூடாது. ரெயின்கோட்டுக்குள் காற்று போகாது, வியர்த்துக் கொட்டும். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்புத் தண்ணீர் போனுக்கு மழைநீரை விட மோசம். அங்கேதான் ஜிப் கவர் வருகிறது.

ஜிப் கவரை எப்படிப் பயன்படுத்துவது?

மளிகைக் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், அழுத்தி மூடும் பிளாஸ்டிக் கவர்தான். போனை விடக் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கவருக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து, மூடி, ஒரு பக்கெட் தண்ணீரில் கனமான பொருளை மேலே வைத்துப் பத்து நிமிடம் முக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் நம்பலாம். கடைகளில் கழுத்தில் தொங்கவிடும் 'வாட்டர்ப்ரூஃப் பவுச்' வாங்கினாலும் இதே சோதனையைச் செய்யாமல் போனை வைக்காதீர்கள்.

மழை வந்த பிறகு, ஈரக் கையோடு, ஈரக் காற்றில் கவரை மூடினால் அந்த ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். போன் சூடாகும்போது அது ஆவியாகி, பிறகு குளிர்ந்து போன் மீதே வியர்க்கும். அதனால் மேகம் கறுக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. புது ஷூ, புது பை வாங்கும்போது உள்ளே வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் கவருக்குள் ஒன்று போட்டு வைத்தால் அந்த ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். குழந்தைகள் கைக்கு மட்டும் எட்ட வேண்டாம்.

கவரின் வாய்ப்பக்கத்தை இரண்டு மடிப்பு மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வையுங்கள். சீட்டுக்கு அடியில் எப்போதும் இரண்டு கவர் கிடக்கட்டும், பர்ஸுக்கும் ஒன்று தேவைப்படும்.

ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களை மழையிலும் பார்க்க முடிகிறது. போனுக்கும் ஆபத்து, தலைக்கும் ஆபத்து. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மேப் பார்த்தே ஆக வேண்டும் என்றால்?

"உள்ள வைங்கன்னு சொல்றது ஈஸி. ஆர்டர் வந்துச்சுன்னா எப்படிப் பாக்குறது?" இது டெலிவரி ஊழியர்களின் கேள்வி. பைக் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் இதே நிலைதான். மழை நேரத்தில்தான் ஆர்டர்கள் குவியும். போனை உள்ளே வைத்தால் வேலை இல்லை, வெளியே வைத்தால் போன் இல்லை. இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு இறுதியில் தனி நல வாரியமே அமைத்தது. ஆனால் நனைந்து போகும் போனின் செலவு பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

இவர்களுக்கு ஹேண்டில்பாரில் மாட்டும் ஹோல்டர் தவிர்க்க முடியாதது. நான்கு மூலையில் பிடிக்கும் திறந்த ஹோல்டரை விட, முன்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் திரை உள்ள, மூடிய பை வடிவ ஹோல்டர் மழைக்கு ஏற்றது. திறந்த ஹோல்டர்தான் இருக்கிறது என்றால், போனை ஜிப் கவரில் போட்டுவிட்டு ஹோல்டரில் மாட்டலாம். கவர் திரையோடு ஒட்டி இருந்தால் டச் வேலை செய்யும், நடுவில் காற்று இருந்தால் செய்யாது. கைரேகை லாக் சரியாக எடுக்காமல் போகலாம், அதனால் பின் நம்பரை நினைவில் வைத்திருங்கள்.

போனை நெட்டுக்குத்தாக, சார்ஜிங் போர்ட் உங்கள் பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். படுக்கைவாட்டில் மாட்டினால் போர்ட் பக்கவாட்டில் திரும்பி, காற்றோடு வரும் சாரலை வாங்கிக்கொள்ளும்.

மழையில் ஓட்டிக்கொண்டே பைக்கில் இருந்து சார்ஜ் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. பவர் பேங்கையும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தில் துடைத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் போடலாம். வேறு வழியே இல்லை என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: தண்ணீர் ஒயர் வழியாகவே வழிந்து போர்ட்டுக்குள் போகும். போனுக்குக் கீழே ஒயர் ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏறிப் போர்ட்டுக்குப் போகும்படி விட்டால், வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். வீட்டுக்கு ஒயர் இழுக்கும் எலக்ட்ரீசியன்கள் ஜன்னல் ஓரத்தில் செய்யும் அதே வேலைதான். பைக்கில் உள்ள யுஎஸ்பி சாக்கெட்டின் ரப்பர் மூடி தொலைந்துபோயிருந்தால் முதலில் அதை வாங்கிப் போடுங்கள்.

ஹோல்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு, கேமராவின் நடுக்கத்தைச் சரிசெய்யும் நுண்ணிய பாகங்களைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021லேயே எச்சரித்தது. மொபெட், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைக் குறைக்கும் ஹோல்டரைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஆகவே தேவைப்படாத நேரத்தில் போனைக் கழற்றி உள்ளே வைப்பது மழைக்கும் நல்லது, கேமராவுக்கும் நல்லது.

தண்ணீர் பட்டால் திரை ஏன் தானாக ஓடுகிறது?

நம் விரல் தொடும்போது திரையில் உள்ள மின்புலத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தைத்தான் போன் 'டச்' என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும். அதனால்தான் மழைத்துளி விழுந்தால் மேப் தானாகப் பெரிதாகிறது, ஆப் மூடுகிறது, யாருக்கோ கால் போகிறது. ஒன்பிளஸ் போன்ற சில நிறுவனங்கள் ஈரத்திலும் விரலை அடையாளம் காணும் வசதியைக் கொண்டுவந்திருக்கின்றன. கொட்டும் மழையில் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஆபத்து போனுக்கு அல்ல, இங்கேதான் உங்களுக்கு. வேலை செய்யாத திரையை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டே, ஒரு கையில் ஹேண்டில்பாரைப் பிடித்து, வழுக்கும் ரோட்டில் ஓட்டுவது. தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, மூடி திறந்த மேன்ஹோல் இருக்கிறதா என்பது மேப்பில் வராது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. வண்டி ஓட்டும்போது கையடக்கத் தகவல்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்த விதிகளில் அனுமதி உள்ளது. அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் என்ற நிபந்தனையோடு.

எனவே கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டு, அந்தப் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துவிடுங்கள். முதல் இரண்டு, மூன்று திருப்பங்களை மனசில் வாங்கிக்கொண்டு ஓட்டி, அதற்கப்புறம் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்துவது என்றால் மேம்பாலத்துக்கு அடியில் ரோட்டை அடைத்துக்கொண்டு கும்பலாக நிற்பது அல்ல, மரத்தடியும் அல்ல. பெட்ரோல் பங்க், கடை வாசல், பஸ் நிறுத்தக் கூரை ஏதாவது ஒன்று போதும்.

போன் மின்னலை இழுக்குமா?

இழுக்காது. பாக்கெட்டில் போன் இருப்பதால் மின்னல் தாக்கும் என்பது வெறும் வதந்தி. ஆனால் இடி மின்னல் நேரத்தில் திறந்தவெளியில் பைக் ஓட்டுவது உண்மையிலேயே ஆபத்து. "டயர் ரப்பர்தானே, ஒன்னும் ஆகாது" என்பதும் தவறு. கட்டடத்துக்குள் ஒதுங்குவதுதான் சரி.

போன் நனைந்துவிட்டது.. முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். 'வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடுவோம்' என்ற ஆசைதான் பல போன்களைக் கொல்கிறது. உள்ளே போன தண்ணீர் மட்டும் தனியாகப் பெரிய சேதம் செய்வதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேரும்போதுதான் சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஆகிறது. செம்பு, தங்க முனைகள் அரிக்கத் தொடங்குகின்றன. மின்சாரம் ஓட ஓட அரிப்பு வேகமெடுக்கும்.

பேக் கவரைக் கழற்றுங்கள். அதற்கும் போனுக்கும் நடுவில் தண்ணீர் மணிக்கணக்கில் தங்கியிருக்கும். சிம் ட்ரேயை வெளியே எடுங்கள். காட்டன் துணியால் துடைத்து, சார்ஜிங் போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வேகமாக உதறினால் ஓரத்தில் இருந்த தண்ணீர் உள்ளே பரவிவிடும். போர்ட்டுக்குள் பட்ஸ், டிஷ்யூ, குச்சி எதையும் விடாதீர்கள். பிறகு ஃபேன் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், மொட்டை மாடி வெயில் மூன்றும் வேண்டாம். சூடு பசையை இளக்கும், பேட்டரிக்கும் ஆகாது.

சேற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ பட்டிருந்தால் காயவைப்பது மட்டும் போதாது. தண்ணீர் ஆவியாகும், உப்பும் அழுக்கும் உள்ளேயே இருக்கும். இன்று நன்றாக வேலை செய்து, பத்து நாள் கழித்து ஸ்பீக்கர் போவதும் சார்ஜ் ஏறாமல் போவதும் இதனால்தான். அப்படிப்பட்ட போனை ஆன் செய்யாமலேயே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

நனைந்த பிறகு போன் சூடாகிறது, பின்பக்கம் உப்பியிருக்கிறது என்றால் சார்ஜ் போடுவதோ அழுத்துவதோ கூடாது. பேட்டரி பாதிக்கப்பட்டிருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும் பொருட்கள் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள்.

அரிசியில் போட்டால் சரியாகுமா?

எல்லார் வீட்டிலும் இந்த வைத்தியம் நடக்கிறது. அரிசி டப்பாவில் ஒரு நாள் வைத்து எடுத்ததும் போன் ஆன் ஆகிறது, அரிசிக்குப் பெயர் கிடைக்கிறது. உண்மையில் அந்த ஒரு நாள் போன் ஆஃப் ஆகிக் கிடந்ததுதான் வைத்தியம். சாதாரண அறையில் இருக்கும் அரிசி ஏற்கெனவே காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். போனுக்குள் இருக்கும் தண்ணீரைத் தேடிப் போய் உறிஞ்சாது. காற்றோட்டமான இடமே மேல். அரிசியின் நுண்துகள்கள் போனைச் சேதப்படுத்தலாம், அதனால் அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று ஆப்பிளின் உதவிப் பக்கமே சொல்கிறது. 2024 ஜனவரியில் வந்த இந்த அறிவுரை அப்போது உலகம் முழுக்கச் செய்தியானது.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போடலாமா?

முதலில் சொன்ன அந்த ஒரு வேலை இதுதான். மழையில் நனைந்து, மேப் போட்டு, சார்ஜ் 5 சதவீதத்துக்கு வந்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே சார்ஜரைச் செருகுகிறோம். மழையைத் தாங்கிய போன் அங்கே சேதமடைகிறது. ஈரமான போர்ட்டில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய பின்கள் கறுத்து அரித்துப்போகும்.

இப்போதைய பல போன்கள் போர்ட்டில் ஈரம் இருந்தால் எச்சரிக்கும். சாம்சங்கில் நீர்த்துளி குறி வரும், ஐபோனில் திரவம் கண்டறியப்பட்டதாகச் செய்தி வரும். ஐபோனில் அவசரத்துக்கு அதைத் தாண்டிச் சார்ஜ் செய்யும் வழியும் காட்டும். உண்மையான அவசரம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஆப்பிள் சொல்வது, குறைந்தது 30 நிமிடம் காற்றோட்டத்தில் வைத்துவிட்டு முயலுங்கள், மறுபடியும் எச்சரிக்கை வந்தால் முழுவதும் காய ஒரு நாள் வரை ஆகலாம். ஐபி தரம் இல்லாத போனுக்கு ஒரு நாளுக்குக் குறையாமல் காத்திருப்பதே பாதுகாப்பு.

வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போன் என்றால் போர்ட் காயும் வரை அதைப் பயன்படுத்தலாம். பின்பக்கத்தை நன்றாகத் துடைத்திருக்க வேண்டும். போர்ட்டில் மட்டும் ஈரம் என்றால்தான் இது. உள்ளே தண்ணீர் போன சந்தேகம் இருந்தால் எந்தச் சார்ஜும் வேண்டாம்.

குரல் அமுங்கிக் கேட்கிறது என்றால் ஸ்பீக்கர் வலையில் தண்ணீர் நிற்கிறது. அதிர்வு ஒலி எழுப்பி நீரைத் தள்ளும் ஆப்கள் அந்த ஒரு இடத்துக்குக் கொஞ்சம் உதவலாம். போர்டில் ஏறிய தண்ணீரை அவை வெளியேற்றாது.

வாரண்டியில் சரிசெய்து தருவார்களா?

பெரும்பாலும் இல்லை. ஐபி68 என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் தண்ணீரால் வந்த சேதத்தைச் சாதாரண வாரண்டியில் சேர்ப்பதில்லை. பல போன்களுக்குள் வெள்ளையாக ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறிவிடும். ஐபோனில் சிம் ட்ரே துளைக்குள் டார்ச் அடித்தால் தெரியும். "தண்ணியே படலை" என்று சர்வீஸ் சென்டரில் சொல்வதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

திரவச் சேதத்துக்கும் பொருந்தும் தனிப் பாதுகாப்புத் திட்டம் அல்லது இன்சூரன்ஸ் இருந்தால்தான் பணம் மிச்சமாகும். வாங்கும்போது, ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை கோரலாம் என்ற இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். செகண்ட் ஹேண்ட் போனாக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

போன் காயும் வரை என்ன செய்வது என்பதும் முக்கியம். சிம் கார்டு தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் கெடாது. துடைத்து, வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டால் கால், ஓடிபி வந்துவிடும். யுபிஐ ஆப்பை அந்த போனில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இ-சிம் வைத்திருப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். கழற்றிப் போட எதுவும் இல்லை. நிறுவனத்திடம் வேறு போனுக்கு மாற்றக் கேட்க வேண்டும். அதற்கான உறுதிப்படுத்தல் மெயில் எந்த மெயில் ஐடிக்கு வருகிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்பதை அந்த போனில் மட்டும் சேமித்து வைத்திருந்தால் சிக்கல்தான். டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டுபவர்கள் தொழில் ஆப்பின் லாகின் விவரத்தையும், ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் நகலையும், வீட்டில் இரண்டு பேரின் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு இன்னொரு ஜிப் கவரில் வைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம், அதை வீட்டில் வையுங்கள்.